நற்பெயரும் இடப்பெயர்வும்: பரிணாம ஆட்டக் கோட்பாட்டு நோக்கில் நகரத்தாரின் பர்மா வணிகம் (1852–1942)

ஆய்வுச் சுருக்கம்

தன்னலம் கருதும் மனிதர்களிடையே ஒத்துழைப்பு எவ்வாறு தோன்றி நிலைக்கிறது என்னும் வினாவைப் பரிணாம ஆட்டக் கோட்பாடு அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறது. நற்பெயர், இடப்பெயர்வு ஆகிய இரு கூறுகள் அவ்வாராய்ச்சியில் சிறப்பிடம் பெறுகின்றன. நற்பெயர் ஒத்துழைப்பை வளர்க்கும். கட்டற்ற இடப்பெயர்வு அதனைக் குலைக்கும் என்பது தொடக்ககால மாதிரிகளின் பொதுவான முடிவு. கடல் கடந்து இடம்பெயர்ந்தபடியே நற்பெயரை முதலாகக் கொண்டு இயங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பர்மா வணிகத்தை இம்முடிவோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நகரத்தார்க்குள் நிலவிய ஒத்துழைப்பையும், நகரத்தார்க்கும் பர்மிய உழவர்க்கும் இடையே நிலவிய கடன் உறவையும் வேறுபடுத்திக் காண்பதன் வழியே, நற்பெயரின் ஆற்றல் அது பரவும் வட்டத்தின் எல்லையோடு முடிகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: ஒத்துழைப்பு, நற்பெயர், இடப்பெயர்வு, ஆட்டக் கோட்பாடு, நகரத்தார், பர்மா, விலாசம், மறைமுகக் கைம்மாறு.

முன்னுரை

வணிகம் நம்பிக்கையின் மேல் நிற்பது. பொருளை முன்னே கொடுத்துப் பணத்தைப் பின்னே பெறுபவரும், பணத்தை இன்று கொடுத்து நாளை வட்டியோடு பெற நினைப்பவரும் எதிராளியின் சொல்லை நம்பியே இறங்குகின்றனர். உள்ளூரில் இந்நம்பிக்கைக்கு உறவும் அண்டை அயலாரும் காவலாக உள்ளனர். கடல் கடந்த ஊரில் அக்காவல் இல்லை. ஆயினும் தமிழ் வணிகர் கடல் கடந்த ஊர்களில் நூற்றாண்டுகளாக வணிகம் நடத்தினர். சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் இருந்தமைக்குச் சான்றாகும். அவ்வகை வணிகத்தின் அண்மைக்கால வடிவங்களுள் மிகப் பெரியது நகரத்தாரின் பர்மா வணிகம்.

நகரத்தார் வணிகத்தின் வெற்றிக்குச் 'சாதிக் கட்டுப்பாடு', 'பிறவிச் சிக்கனம்' போன்ற பொதுச்சொற்களைக் காரணமாகக் கூறும் போக்கு நீண்ட காலம் இருந்தது. இச்சொற்கள் எதனையும் விளக்குவதில்லை. கட்டுப்பாடு எதனால் கட்டுப்படுத்தியது, ஏமாற்ற வாய்ப்பிருந்தும் பெரும்பாலோர் ஏன் ஏமாற்றவில்லை என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. அவ்வினாக்களைத் தெளிவாகக் கேட்பதற்கு ஆட்டக் கோட்பாடு ஒரு கருவியைத் தருகிறது. அக்கருவியின் வரலாற்றை முதலில் காண்பதும், அதனைக் கொண்டு பர்மா வணிகத்தை அடுத்து ஆராய்வதும், அவ்வரலாறு கோட்பாட்டுக்குத் திருப்பித் தரும் பாடத்தை இறுதியில் காண்பதும் இக்கட்டுரையின் அமைப்பாகும்.

கைதியின் இக்கட்டு முதல் பதிலுக்குப் பதில் வரை

1950இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் ஆகியோர் ஓர் எளிய ஆட்டத்தை வகுத்தனர். ஆல்பர்ட் டக்கர் அதற்குக் கைதிகள் இருவரின் கதையைப் பொருத்தினார். அதுமுதல் அது 'கைதியின் இக்கட்டு' எனப் பெயர் பெற்றது. இருவரும் ஒத்துழைத்தால் இருவர்க்கும் நன்மை. ஆயினும் மற்றவர் எதைச் செய்தாலும் கைவிடுவதே ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலாபம். எனவே இருவரும் கைவிடுகின்றனர், இருவரும் இழக்கின்றனர். ஒருமுறை மட்டும் ஆடப்படும் ஆட்டத்தில் இதிலிருந்து தப்ப வழியில்லை.

1971இல் ராபர்ட் டிரைவர்ஸ் இவ்வினாவை உயிரியலுக்குள் கொணர்ந்தார். மீண்டும் மீண்டும் சந்திக்கும் உயிர்களிடையே இன்று செய்த உதவிக்கு நாளை கைம்மாறு கிடைக்குமாயின், உதவும் பண்பு இயற்கைத் தேர்வில் தங்கும் என்பது அவர் வாதம். 1973இல் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைசும் பரிணாம நிலைப்புடைய உத்தி என்னும் கருத்தை முன்வைத்தனர். இதன்படி, ஆடுவோர் அறிவாளிகளாக இருக்க வேண்டியதில்லை. மிகுந்த பயன் தரும் உத்தி அடுத்த தலைமுறையில் பெருகும் என்பதே போதும். வழக்காறுகளையும் மரபுகளையும் ஆராயும் வரலாற்றாய்வாளர்க்கு இக்கருத்து பெரிதும் துணைபுரிவது. ஒரு வணிக வழக்காறு யாராலும் திட்டமிடப்படாமலே, அதனைக் கைக்கொண்டோர் செழித்ததால் நிலைபெற்றிருக்கலாம்.

1980களின் தொடக்கத்தில் ராபர்ட் ஆக்செல்ராட் கணினிப் போட்டிகள் இரண்டை நடத்தினார். முதற்போட்டியில் 14 உத்திகளும் இரண்டாம் போட்டியில் 62 உத்திகளும் அனுப்பப்பட்டன. அனடோல் ரப்போபோர்ட் அனுப்பிய 'பதிலுக்குப் பதில்' என்னும் மிகச் சிறிய உத்தியே இரண்டிலும் முதலிடம் பெற்றது. முதலில் ஒத்துழைப்பது, பின்னர் எதிராளி முன்சுற்றில் செய்ததையே தானும் செய்வது என்பதே அவ்வுத்தி. எதிர்காலச் சந்திப்பின் வாய்ப்பு இன்றைய நடத்தையைக் கட்டுப்படுத்துகிறது என்பது ஆக்செல்ராடின் முடிவு.

இங்கு ஒரு குறை தெரிகிறது. நேரடிக் கைம்மாற்றுக்கு அதே இருவர் மீண்டும் சந்திக்க வேண்டும். ஒருவர் இடம்பெயர்ந்து சென்றுவிட்டால் எதிர்காலச் சந்திப்பு அறுபடுகிறது. ஏமாற்றியவர் அடுத்த ஊரில் புதியவராக நுழைகிறார்.

நற்பெயர்: மறைமுகக் கைம்மாறு

1987இல் ரிச்சர்ட் அலெக்சாண்டர் மறைமுகக் கைம்மாறு என்னும் கருத்தை விரித்துரைத்தார். ஒருவர்க்குச் செய்த உதவிக்கு அவரே கைம்மாறு செய்ய வேண்டியதில்லை. அதனைக் கண்ட அல்லது கேட்ட மூன்றாமவர் செய்யலாம். இதற்கு வேண்டியது நற்பெயர். 1998இல் மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் ஆகியோர் இதற்கு ஒரு கணித வடிவம் தந்தனர். உதவுவோர்க்கு மதிப்பெண் கூடும், மறுப்போர்க்குக் குறையும், உயர்ந்த மதிப்பெண் உடையோர்க்கே பிறர் உதவுவர். எதிராளியின் பெயரை அறிந்திருப்பதற்கான நிகழ்தகவு, உதவியின் செலவை அதன் பயனால் வகுத்துப் பெறும் விகிதத்தினும் மிகுதியாக இருந்தால் ஒத்துழைப்பு நிலைக்கும் என்பது அவர்கள் கண்ட நிபந்தனை. உதவியின் செலவு 2, பயன் 5 எனக் கொண்டால், ஐந்து சந்திப்புகளில் இரண்டுக்கு மேற்பட்டவற்றிலாவது எதிராளியின் பெயர் அறியப்பட்டிருக்க வேண்டும். நற்பெயர் என்பது தனிமனிதரின் குணம் மட்டுமன்று, செய்தி பரவும் அமைப்பின் பயன் என்பதை இந்நிபந்தனை எளிமையாக உணர்த்துகிறது.

இம்மாதிரியில் ஒரு முரண் இருந்தது. தீயவர்க்கு உதவ மறுக்கும் நல்லவரும் 'மறுத்தார்' என்பதற்காக மதிப்பிழக்கிறார். 2001இல் ஓலோஃப் லைமர், பீட்டர் ஹாமர்ஸ்டைன் ஆகியோர் இதனைச் சுட்டிக்காட்டினர். 2004இல் ஹிசாஷி ஒட்சுகி, யோ இவாசா ஆகியோர் ஒத்துழைப்பை நிலைநிறுத்தவல்ல எட்டு மதிப்பீட்டு முறைகளைக் கண்டறிந்தனர். நியாயமான காரணத்தோடு மறுப்பவர் நற்பெயரை இழப்பதில்லை என்பது அவற்றின் பொதுக்கூறுகளுள் ஒன்று. ஆகவே செயலை மட்டும் அறிந்தால் போதாது. யாரிடம், எச்சூழலில் அச்செயல் நிகழ்ந்தது என்பதையும் ஒரு சமூகம் அறிந்து, பொதுவான தீர்ப்பை எட்ட வேண்டும். தீர்ப்புக்கு ஓர் அவை வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் வரலாற்றுக் குறிப்பு.

இடப்பெயர்வு: குலைப்பதும் வளர்ப்பதும்

1992இல் நோவாக்கும் ராபர்ட் மேயும் கட்டங்களாகப் பகுக்கப்பட்ட தளத்தில் ஆட்டத்தை நடத்திக் காட்டினர். அண்டை அயலாரோடு மட்டுமே ஆடும் நிலையில், ஒத்துழைப்போர் கூட்டமாகச் சேர்ந்து ஏமாற்றுவோரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்கின்றனர். நினைவாற்றலும் நற்பெயரும் இல்லாமலே, ஓரிடத்தில் தங்கியிருப்பதே ஒத்துழைப்பைக் காக்கிறது. எனில், இடம்பெயர்ந்தால் அக்கூட்டம் கலையும். 1993இல் மேக்னஸ் என்குவிஸ்ட், லைமர் ஆகியோர் இடம்பெயரும் உயிர்களிடையே ஏமாற்றுவோர் ஒருவரைச் சுரண்டிவிட்டு அடுத்தவரைத் தேடிச் செல்ல இயல்வதால் ஒத்துழைப்பு இடர்ப்படும் எனக் காட்டினர். புதியவரிடம் காட்டும் ஐயமும், அவரைப் பற்றிய பேச்சும் அவ்விடரைக் குறைக்கும் என்பதும் அவர்கள் கண்டதே.

2009இல் டிர்க் ஹெல்பிங், வென்ஜியான் யூ ஆகியோர் மறுபக்கத்தைக் காட்டினர். மக்கள் கண்மூடித்தனமாக அலையாமல், நல்ல பயன் கிடைக்கும் சூழலைத் தேடி இடம்பெயர்வாராயின், ஒத்துழைப்போர் ஒருவரையொருவர் கண்டடைந்து கூட்டமாகச் சேர்வர். ஏமாற்றுவோர் நிறைந்த உலகிலும் ஒத்துழைப்பு வெடித்துப் பரவும். எனவே 'இடப்பெயர்வு நல்லதா, கெட்டதா' என்பது சரியான வினாவன்று. யார், எதனை நோக்கி, எதனோடு பிணைக்கப்பட்டு இடம்பெயர்கின்றனர் என்பதே வினா.

வரலாற்றில் ஒரு முன்மாதிரி: மக்ரிபி வணிகர் விவாதம்

இக்கோட்பாட்டை வரலாற்றுச் சான்றுகளோடு இணைத்தவர்களுள் அவ்னர் கிரீஃப் முதன்மையானவர். கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்ட கெனிசா மடல்களைக் கொண்டு, 11ஆம் நூற்றாண்டு மக்ரிபி யூத வணிகர்களின் முகவர் முறையை அவர் 1989இல் ஆராய்ந்தார். ஒரு முகவர் ஒரு வணிகரை ஏமாற்றினால் குழுவினர் அனைவரும் அவரைப் புறக்கணிப்பர். இவ்வச்சமே தொலைதூர முகவர்களை நேர்மையில் நிறுத்தியது என்பது அவர் முடிவு. 2012இல் ஜெரமி எட்வர்ட்ஸ், ஷீலா ஓகில்வி ஆகியோர் இதனை மறுத்தனர். அவ்வணிகர் நீதிமன்றங்களையும் நாடினர், கூட்டுப் புறக்கணிப்புக்கான சான்றுகள் போதா என்பது அவர்களின் வாதம். கிரீஃப் அதற்கு மறுமொழி எழுதினார். நற்பெயர் இயங்கியது என்பதாலேயே சட்டம் இயங்கவில்லை எனக் கொள்ளலாகாது என்பது இவ்விவாதம் தரும் எச்சரிக்கை. நகரத்தார் வரலாற்றை அணுகும்போதும் இவ்வெச்சரிக்கை தேவைப்படுகிறது.

பர்மாவில் நகரத்தார்: சூழல்

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மிய அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெற்பரப்பு, 1930களில் 80 லட்சம் ஏக்கரைக் கடந்தது. காடு திருத்தவும், மாடு வாங்கவும், அறுவடை வரை உண்ணவும் உழவர்க்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வணிகத்துக்குக் கடன் தந்தனவேயன்றிக் கழிமுகத்து உழவரை அணுகவில்லை. அவ்விடைவெளியை நகரத்தார் நிரப்பினர்.

1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மேற்கொண்ட ஆய்வின்படி, அங்கு ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இயங்கின. அவற்றின் முதலீடு ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. கீழ்ப் பர்மாவின் மக்கள் நெருக்கமுள்ள பகுதிகளில் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் ஒரு செட்டியார் கடை இருந்தது. இக்கடைகளின் உரிமையாளர்களுள் பெரும்பாலோர் செட்டிநாட்டிலேயே இருந்தனர். கடைகளை நடத்தியவர்கள் சம்பளத்துக்கு அமர்ந்த முகவர்களே. முதலாளியின் பணம் முழுவதும் கடலுக்கு அப்பால் முகவரின் கையில் இருந்தது. கைதியின் இக்கட்டு இதனினும் தெளிவாக அமைவது அரிது.

உள்வட்டம்: பிணைக்கப்பட்ட இடப்பெயர்வு

இவ்விக்கட்டை நகரத்தார் எவ்வாறு கடந்தனர் என்பதற்கு நான்கு கூறுகளைச் சுட்டலாம்.

முதலாவது, திரும்பி வரும் இடப்பெயர்வு. முகவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கே சென்றார். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கையும் இருப்பையும் ஒப்படைத்து, ஊர் திரும்பி முதலாளி முன் ஐந்தொகையை வைக்க வேண்டும். சம்பளத்தின் ஒரு பகுதி முன்னதாகவே தரப்பட்டது. இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. கடைப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, முகவராகி, பின்னர்ச் சொந்தக் கடை வைக்கும் ஏணியில் ஒவ்வொரு படியும் முந்தைய தவணையின் பெயரைப் பொறுத்தது. என்குவிஸ்டும் லைமரும் கற்பித்த ஏமாற்றுவோர்க்கு அடுத்த ஊர் இருந்தது. நகரத்தார் முகவர் எத்தனை ஊர்களுக்குச் சென்றாலும் அவர் திரும்ப வேண்டிய ஊர் ஒன்றே.

இரண்டாவது, பெயரைச் சுமக்கும் அடையாளம். நகரத்தார் கடைகள் 'விலாசம்' என்னும் முதலெழுத்துத் தொடரால் அறியப்பட்டன. அத்தொடரில் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் தலைமுறை வரிசையில் அமைந்தன. விலாசத்தைக் கேட்டதும் எந்த ஊர், எந்தக் குடும்பம், யாருடைய கிளை என்பது புலப்பட்டது. ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கும் சமூகத்திலும் ஒவ்வொருவரும் தம் முன்னடத்தையைக் காட்டும் அடையாளத்தைச் சுமந்தால் ஒத்துழைப்பு நிலைக்கும் என மிச்சிஹிரோ கண்டோரி 1992இல் நிறுவினார். விலாசம் அத்தகைய அடையாளமே. அது தனிமனிதரின் வாழ்நாளைக் கடந்தது என்பதால், இன்றைய ஏமாற்று மகன் பெயரையும் பேரன் பெயரையும் தாக்கும்.

மூன்றாவது, செய்தியும் தீர்ப்பும் கூடும் இடம். கடல் கடந்த ஊர்களில் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில்களை எழுப்பினர். சிங்கப்பூரில் 1859இல் எழுந்த கோயில் அவற்றுள் ஒன்று. ரங்கூனில் கோயிலில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டி விகிதத்தை அறுதியிட்டனர். கடைகள் தமக்குள் ஈடின்றிக் கொடுத்து வாங்கிய பணத்துக்கு அவ்விகிதமே அடிப்படை. வழக்குகளைப் பெரியோர் பேசித் தீர்த்ததும் அங்கேதான். யாருடைய உண்டியல் தாமதமாகிறது, யாருடைய கடையில் சரக்கு முடங்குகிறது என்னும் செய்திகள் அக்கூட்டங்களில் இயல்பாகக் கைமாறின. ஒட்சுகியும் இவாசாவும் வேண்டிய பொதுத்தீர்ப்புக்குரிய அவை இதுவே எனலாம். நியாயமாகக் கடன் மறுத்தவர் யார், வஞ்சமாக மறுத்தவர் யார் என்பதை வேறுபடுத்த இவ்வவை உதவியது.

நான்காவது, விலக்கின் விலை. நகரத்தார் சமூகம் ஒன்பது நகரக் கோயில்களாகப் பிரிந்தது. மணமகன், மணமகள் ஆகிய இருவரின் கோயில்களிலிருந்தும் மாலை வந்தே திருமணம் நிறைவுறும். மணம் முடித்த இணையர் 'புள்ளி'யாகக் கோயில் ஏட்டில் பதிவு பெறுவர். கோயில், திருமணம், வணிகம் ஆகிய மூன்றும் ஒரே மக்களிடையே நிகழ்ந்ததால், வணிகத்தில் இழந்த பெயர் மற்ற இரண்டையும் தாக்கவல்லது. டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலில் நகரத்தாரின் சாதியமைப்பையே ஒரு வங்கியமைப்பாகக் காண வேண்டும் என வாதிட்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

இந்நான்கும் இருந்தமையால் சட்டம் தேவைப்படவில்லை எனக் கொள்வது பிழை. முகவர்கள் சட்டப்படியான அதிகாரப் பத்திரத்தோடு சென்றனர். நகரத்தார் குடும்பங்கள் தமக்குள் தொடுத்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தையும் இலண்டன் பிரிவி கவுன்சிலையும் எட்டியுள்ளன. மக்ரிபி விவாதத்தின் எச்சரிக்கை இங்கும் பொருந்துகிறது. நற்பெயர் அன்றாட ஒத்துழைப்பை மலிவாக நடத்தியது. அது முறிந்த இடத்தில் நீதிமன்றம் நின்றது. முறிவுகள் அரிதாக இருந்தமையே அமைப்பின் இலாபம்.

வெளிவட்டம்: பெயர் எட்டாத இடம்

நகரத்தாரும் பர்மிய உழவரும் கொண்ட உறவுக்கு மேற்கண்ட நான்கு கூறுகளுள் ஒன்றும் பொருந்தவில்லை. உழவரின் நடத்தை பற்றிய செய்தி கோயிற்கூட்டத்தில் கடனாளியின் தரமாகப் பேசப்பட்டிருக்கலாம். உழவர்க்கு அக்கூட்டத்தில் இடமில்லை. முகவரின் நடத்தை பற்றி உழவர் எண்ணியது செட்டிநாட்டில் அவருடைய பெயரைத் தொடவில்லை. ஒரு முகவர் கடனாளியிடம் பொறுமை காட்டினால் அதன் பயன் அடுத்த தவணைக்கு வரும் முகவர்க்கே கிட்டும். அதன் செலவு இவருடைய ஐந்தொகையில் தெரியும். உள்வட்டத்தில் ஒத்துழைப்பைக் காத்த மூன்றாண்டுத் தவணையே வெளிவட்டத்தில் நீண்டகால உறவுக்குத் தடையாக அமைந்தது.

மறுபுறத்தில் உழவரும் இடம்பெயர்ந்தவரே. கழிமுகத்தைத் திருத்தியோருள் பெரும்பகுதியினர் மேல் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். பழைய ஊர்களில் இருந்த உறவுக் கட்டும் பரம்பரைத் தலைமையும் புதிய குடியிருப்புகளில் இல்லை. குத்தகையாளர்கள் அடிக்கடி நிலம் மாறினர். ஆக, கடன் கொடுத்தவர் மூன்றாண்டில் பெயர்ந்தார், வாங்கியவரும் பெயரக்கூடியவர். இருவர்க்கும் பொதுவான அவை இல்லை. ஜே. எஸ். ஃபர்னிவல் இத்தகைய குடியேற்ற நாட்டுச் சமூகத்தைப் பன்மைச் சமூகம் என விளக்கினார். அங்குப் பல மக்கட்குழுக்கள் கலந்து வாழ்ந்தும் ஒன்றாவதில்லை, சந்தையில் மட்டுமே சந்திக்கின்றன என்பது அவர் கருத்து. ஆட்டக் கோட்பாட்டின் மொழியில், அது நற்பெயர் கடக்காத எல்லைகளைக் கொண்ட சமூகம்.

அவ்வெல்லையில் நம்பிக்கையின் இடத்தை நில ஈடு பிடித்தது. ஆங்கிலேயச் சட்டம் நிலத்தை விற்கவும் ஈடு வைக்கவும் கூடிய பொருளாக்கியிருந்தது. பர்மியக் கடன் கொடுப்போர் வாங்கியதினும் குறைந்த வட்டிக்கே நகரத்தார் கடன் தந்தனர் என்பதும், நிலத்தைக் கையகப்படுத்துவதில் அவர்களுக்கு விருப்பம் இல்லை, பணம் சுழல்வதையே விரும்பினர் என்பதும் விசாரணைக் குழுவின் கணிப்பு. நெல் விலை உயர்ந்துகொண்டிருந்தவரை ஈடு என்பது ஏட்டிலேயே இருந்தது. நற்பெயர் இல்லாமலும் ஒத்துழைப்பு இருப்பதுபோல் தோன்றியது.

இக்கட்டத்தில் பர்மாவின் கூட்டுறவுக் கடன் இயக்கத்தை ஒப்பிடுவது தகும். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து அங்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. உறுப்பினர் ஒருவரையொருவர் அறிவர், ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்பர் என்பது அவற்றின் அடிப்படை. ஆயினும் 1928–29இல் ஆராய்ந்த கால்வெர்ட் குழு அவ்வியக்கம் பெருந்தோல்வி அடைந்ததாகவே கண்டது. நற்பெயரை அடிப்படையாகக் கொண்ட அமைப்பைச் சட்டத்தால் தோற்றுவிக்கலாம். அதற்கு வேண்டிய நற்பெயர் வட்டத்தைச் சட்டத்தால் தோற்றுவிக்க இயலாது என்பதை இத்தோல்வி காட்டுகிறது. அவ்வட்டம் உருவாவதற்கு ஒரே இடத்தில் நிலைத்த வாழ்வோ, திரும்பி வரும் கட்டாயமோ வேண்டும். கழிமுகத்தில் இரண்டும் இல்லை.

முறிவு: 1930–1942

1930இல் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவை எட்டியது. நெல் விலை வீழ்ந்தது. கடனும் வட்டியும் பழைய விலைக் கணக்கில் நின்றன. உழவரால் செலுத்த இயலவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் அது 25 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். விரும்பிப் பெற்றதன்று எனினும், பெற்றதன் விளைவு கடுமையாயிற்று. 1930 டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி தொடங்கியது. 1930இலும் 1938இலும் இந்தியர்க்கு எதிரான கலவரங்கள் நிகழ்ந்தன.

இவ்வாண்டுகளில் நற்பெயர் மற்றொரு வடிவம் பெற்றது. உள்வட்டத்தில் பெயர் என்பது ஒவ்வொரு விலாசத்துக்கும் தனித்தனியானது. வெளிவட்டத்தில் அவ்வேறுபாடு இல்லை. பொறுமை காட்டிய கடையும் காட்டாத கடையும் 'செட்டியார்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கின. பர்மிய இதழ்களின் கேலிச்சித்திரங்களிலும் அரசியல் மேடைகளிலும் அச்சொல் நிலம் பறிப்பவர் என்னும் பொருளைப் பெற்றது. தனிமனிதரின் பெயரை அறியாதபோது குழுவின் பெயரைக் கொண்டே எதிராளியை மதிப்பிடும் நிலையில், குழுவுக்குள் ஒத்துழைப்பு ஓங்கிக் குழுக்களுக்கிடையே அது தாழ்வதற்கான வழிகளை நவோகி மசுடா 2012இல் கணித வழியில் ஆராய்ந்தார். குழுப்பெயரால் மதிப்பிடப்படுபவர்க்குத் தனிப்பட்ட நேர்மையால் ஆதாயம் இல்லை. எனவே நேர்மைக்கான தூண்டுதல் குறைகிறது. குறைந்த நேர்மை குழுப்பெயரை மேலும் கெடுக்கிறது. மறுபுறமும் அவ்வாறே: 'பர்மிய உழவர் கடன் திருப்பார்' என்னும் பொதுத்தீர்ப்பு, திருப்ப முயன்ற உழவரையும் ஈட்டு நடவடிக்கையிலிருந்து காக்கவில்லை.

1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942இல் பல லட்சம் இந்தியர் கடல்வழியும் காட்டுவழியும் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுள் வழியில் இறந்தோர் பல்லாயிரவர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. நகரத்தார் வணிகம் அங்கு மீண்டெழவில்லை. ஆயினும் உள்வட்டம் அழியவில்லை என்பது கவனத்திற்குரியது. விலாசங்களும் நகரக் கோயில்களும் புள்ளிக் கணக்கும் தொடர்ந்தன. அச்சமூகத்தினர் தமிழகத்திலும் மலேயாவிலும் தொழிலும் கல்வியும் வளர்த்தனர். அழிந்தது வெளிவட்டத்தில் இருந்த முதலே.

கோட்பாட்டுக்கு வரலாறு தருவது

இவ்வரலாற்றிலிருந்து கோட்பாட்டுக்கு மூன்று குறிப்புகள் கிடைக்கின்றன. முதலாவது, இடப்பெயர்வை ஒற்றை அளவாகக் கொள்ளலாகாது. விட்டுப்போகும் இடப்பெயர்வும் திரும்பி வரும் இடப்பெயர்வும் எதிரெதிர் விளைவுகளைத் தரவல்லவை. நகரத்தார் முகவர் தொலைவில் இருந்தாலும் சமூக வெளியில் இடம்பெயரவே இல்லை எனலாம். இரண்டாவது, நற்பெயரைத் தனிமனிதரின் மதிப்பெண்ணாக மட்டும் கொள்ளும் மாதிரிகள், அம்மதிப்பெண்ணை யார் எழுதுகின்றனர், யாருடைய சொல் ஏறுகிறது என்பதையும் கருத வேண்டும். உழவரின் சொல் ஏறாத ஏட்டில் முகவரின் பெயர் தூய்மையாகவே இருந்தது. மூன்றாவது, உள்வட்டத்தில் ஒத்துழைப்பை வலுப்படுத்தும் கூறே வெளிவட்டத்தில் அதனை நலிவிக்கக்கூடும். நெருங்கிய சமூகத்தின் வலிமையைப் போற்றும் ஆய்வுகள் பலவும் இப்பக்கத்தைக் காண்பதில்லை.

கோட்பாட்டின் வரம்பும் கூறத்தக்கது. மாதிரிகள் ஆட்டத்தின் பயன் அளவுகளை நிலையானவையாகக் கொள்கின்றன. 1930இல் மாறியது மனிதரின் நடத்தையன்று, நெல்லின் விலை. செலவும் பயனும் ஒரே ஆண்டில் தலைகீழாகும்போது எத்தகைய நற்பெயர் அமைப்பு தாங்கும் என்பதை இம்மாதிரிகளால் மட்டும் கணிக்க இயலாது. குடியேற்ற ஆட்சியின் நிலச்சட்டமும் வரியும் ஆட்டத்துக்கு வெளியிலிருந்து விதிகளை வகுத்தன. ஆடியவர் இருவரும் அவற்றை வகுக்கவில்லை. நகரத்தாரை மட்டுமோ உழவரை மட்டுமோ குற்றவாளியாக்கும் வரலாறுகள் மறப்பது இதனையே.

முடிவுரை

நற்பெயர் ஒத்துழைப்பைக் காக்கும், இடப்பெயர்வு அதனைக் குலைக்கும் என்னும் எளிய எதிர்நிலை நகரத்தாரின் பர்மா வணிகத்தில் பொருந்தவில்லை. தவணை, விலாசம், கோயிற்கூட்டம், திருமண உறவு ஆகியவற்றால் பிணைக்கப்பட்ட இடப்பெயர்வு, கடல் கடந்த முகவரையும் நேர்மையில் நிறுத்தியது. அதே அமைப்பு பர்மிய உழவரை உள்ளே கொள்ளவில்லை. அங்கு நம்பிக்கையின் இடத்தில் ஈட்டுப் பத்திரமே இருந்தது. விலை வீழ்ந்த நாளில் பத்திரம் நிலமாயிற்று, நிலம் பகையாயிற்று. ஒரு சமூகத்தின் ஒத்துழைப்பை அளவிடும் ஆய்வு, அச்சமூகத்தினர் தமக்குள் எவ்வளவு நம்பினர் என்பதோடு நிறைவுறாது. அவர்களோடு கொண்டு கொடுத்தும் அவர்களுடைய ஏட்டில் தம் சொல்லைப் பதிய இயலாதவர்கள் யாவர் என்பதையும் அது கேட்க வேண்டும். பர்மியக் கிராமப் பதிவுகளையும் செட்டிநாட்டுக் குடும்பக் கணக்கேடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வுகள் இவ்வினாவை மேலும் தெளிவாக்கும்.